பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு வண்டி

இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு (பகுதி நேரம்)



'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பது நம் பெரியவர்கள் வாக்கு. அளப்பதற்கென்றே வெர்னியர், மைக்ரோமீட்டர், டயல் கேஜ் எல்லாம் படிக்கிற நாம், சொந்தக் காசில் மோட்டார் சைக்கிள் வாங்கும்போது மட்டும் எதையும் அளப்பதில்லை. கலர் பிடித்திருக்கிறதா, நண்பன் வைத்திருக்கிறானா, விளம்பரத்தில் வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த பேரவைத் தம்பிகளிடம், "எனக்குக் கவிதையெல்லாம் வராதுப்பா, வண்டி வாங்கின கதையை வேணா எழுதறேன்" என்றேன். "அதையே எழுதுங்ணா" என்றார்கள். எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்தவன். 2007-ல் லைசென்ஸ் எடுத்து, அப்பாவின் பழைய ஹீரோ ஹோண்டாவை ஆறு வருஷம் ஓட்டினேன். 2013-ல் கத்தார் போனேன். அங்கே ஒன்பது வருஷம் கம்பெனி பஸ்தான். கேம்ப்பில் ஏற்றி சைட்டில் இறக்கிவிடுவார்கள். இங்கே அப்பாவின் வண்டி துருப்பிடித்து, கடைசியில் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. ஊருக்குத் திரும்பி, அரசூரில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, நம் கல்லூரியில் மாலை நேர டிப்ளமோவும் சேர்ந்தேன். வீடு கருமத்தம்பட்டி. என் லைசென்ஸ் கார்டு 2027 வரை செல்லும் என்று அதிலேயே அச்சடித்திருந்தது. கையும் காலும்தான் காலாவதி ஆகியிருந்தன!

பஸ்ஸில் போனால் என்ன?

இரண்டு வருஷம் பஸ்ஸில்தான் வந்தேன். வீட்டிலிருந்து கம்பெனி 8 கிலோமீட்டர். கம்பெனியிலிருந்து கல்லூரி 14. கல்லூரியிலிருந்து வீடு 22. ஆக மொத்தம் நாளொன்றுக்கு 44 கிலோமீட்டர். தூரம் பெரிதில்லை. நேரம்தான் தின்றுவிடும். இரவு ஒன்பதுக்கு வகுப்பு முடிந்து ஹோப் காலேஜ் ஸ்டாப்பில் போய் நின்றால், வருகிற வெளியூர் பஸ்ஸில் பாதி நிற்காது. நிற்கிற பஸ்ஸிலும், "கருமத்தம்பட்டி உள்ளே போவாதுங்க, பாலத்துல எறங்கிக்கறீங்களா?" என்பார்கள். இறங்கி நடந்து வீடு சேரப் பத்தே முக்கால் ஆகிவிடும்.

அப்போது என் மகளுக்கு நாலு வயசு. காலையில் நான் கிளம்பும்போது தூங்கிக்கொண்டிருப்பாள். இரவு வரும்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள். ஒருநாள் பால்வாடியில் "அப்பா என்ன பண்றாரு?" என்று கேட்டதற்கு, "அப்பா ஞாயித்துக்கெழமை வருவாரு" என்று சொல்லியிருக்கிறாள். என் மனைவி சிரித்துக்கொண்டேதான் இதைச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டிப்ளமோவை விட்டுவிடலாமா என்றுகூட அந்த வாரம் யோசித்தேன். சூப்பர்வைசர் வேலைக்கு டிப்ளமோ வேண்டும். மகளுக்கு அப்பா வேண்டும். இரண்டும் கிடைக்க ஒரு வழிதான் இருந்தது.

ஆனால் வண்டி என்ற பேச்சை எடுத்தாலே எங்கள் வீட்டில் அம்மாவின் முகம் மாறிவிடும்.

மாமா சொன்ன மூன்று விஷயம்

என் தாய்மாமா 2011-ல் அவினாசி ரோட்டில் இரவு நேரத்தில் விபத்தில் சிக்கினார். ரோட்டோரம் லைட் எரியாமல் நின்றிருந்த ஒரு லாரியின் பின்னால் மோதிவிட்டார். ஹெல்மெட் டேங்க் மேல் இருந்தது. உயிர் பிழைத்ததே பெரிய விஷயம். ஆனால் இன்றுவரை வலது கால் மடங்காது. பழைய தறி வேலைக்கும் அவரால் போக முடியவில்லை. "எங்கண்ணன் கெடக்கற கெடையப் பாத்ததுக்கப்பறம் எம்பையன் வண்டி ஓட்டோணுமா?" என்பதுதான் அம்மாவின் ஒரே வாதம். அந்த வாதத்துக்கு எந்தப் புத்தகத்திலும் விடை இல்லை.

கடைசியில் நான் மாமாவிடமே போனேன். அவர் என்ன சொல்வாரோ என்று பயந்துகொண்டுதான் கேட்டேன். அவர் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டே, மெஷின் ரிப்பேர் சொல்வது மாதிரி நிதானமாகச் சொன்னார்:

"வண்டி மேல தப்பில்ல மாப்ளே. எனக்கு அன்னைக்கு மூணு இல்லாமப் போச்சு. லைட்டு, மஞ்சளா மின்மினிப்பூச்சியாட்ட எரிஞ்சுது. பிரேக்கு, புடிச்சேன், நிக்கல. ஹெல்மெட்டு தலையில இல்ல. இந்த மூணுல ஒண்ணு இருந்திருந்தாக்கூட நான் நடந்துட்டிருப்பேன். நீ வண்டி வாங்கறதா இருந்தா மைலேஜக் கேக்காத. இந்த மூணையும் கேளு. உங்கம்மாகிட்ட நாஞ் சொல்றேன்."

சொன்னது போலவே சொன்னார். அம்மா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள், "அவனே சொல்றப்ப நானென்ன சொல்றது, வாங்கிக்க சாமி" என்றார்கள். அதற்கப்புறம்தான் நான் நோட்டையும் பேனாவையும் எடுத்தேன். மாமா சொன்ன வரிசையிலேயே கணக்குப் போட ஆரம்பித்தேன்.

நிற்கிற தூரம்

முதலாம் ஆண்டு இயற்பியலில் நாம் எல்லோரும் படித்ததுதான். வண்டி நிற்க ஆகும் தூரம் இரண்டு பகுதி. கண் பார்த்து, மூளை புரிந்து, கை பிரேக்கைப் பிடிக்கும் வரை வண்டி ஓடும் தூரம் ஒன்று. பிடித்தபின் வேகம் குறைந்து நிற்கும் தூரம் மற்றொன்று. முதல் பகுதிக்கு ஒரு வினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த தார் ரோட்டில், வினாடிக்கு வினாடி 6 மீட்டர் என்ற அளவில் வேகம் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு இப்படி வருகிறது:

40 கி.மீ. வேகத்தில் 11 மீட்டரும் 10 மீட்டரும் சேர்ந்து 21 மீட்டர்.
50 கி.மீ. வேகத்தில் 14-ம் 16-ம் சேர்ந்து 30 மீட்டர்.
60 கி.மீ. வேகத்தில் 17-ம் 23-ம் சேர்ந்து 40 மீட்டர்.

வேகம் ஒன்றரை மடங்குதான் ஏறியிருக்கிறது. தூரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஏறிவிட்டது. பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதுதான் காரணம். மழையில் இது இன்னும் நீளும்.

இப்போது லைட்டுக்கு வருவோம். டிம் லைட் வெளிச்சம் எதுவரை தெளிவாக விழுகிறதோ, அதற்குள் வண்டி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் நாம் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறோம் என்று அர்த்தம். மாமாவுக்கு நடந்தது இதுதான். லாரி கண்ணில் பட்ட தூரத்தைவிட அவருக்கு நிற்கத் தேவைப்பட்ட தூரம் அதிகம். வண்டி வாங்கிய பிறகு, ஊருக்கு வெளியே இருட்டான ஒரு மண் ரோட்டில் ஒரு சாக்கைக் குச்சியில் கட்டி நிறுத்திவைத்து, டிம் லைட்டில் அது தெளிவாகத் தெரியும் தூரத்தை அடி வைத்து அளந்தேன். ஏறக்குறைய 35 மீட்டர் வந்தது. ஆகவே இரவில் என் வேகம் 50. அதற்கு மேல் போக எனக்கு உரிமையில்லை. எதிரே வண்டி வராத இடத்தில் பிரைட் போட்டால் கொஞ்சம் கூடலாம். ஆனால் அவினாசி ரோட்டில் எதிரே வண்டி வராத நேரம் எது?

பிரேக்கில் ஒரு நல்ல செய்தி உண்டு. நான் ஓட்டிய காலத்தில் சின்ன வண்டிகளில் முன்னும் பின்னும் டிரம்தான். ஒன்றுக்கொன்று சம்பந்தம் கிடையாது. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம், 125 வரை குறைந்தபட்சம் சி.பி.எஸ். ஆவது இருக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. சி.பி.எஸ். என்றால், காலால் பின் பிரேக்கை மிதித்தாலே முன் பிரேக்கும் ஓரளவு சேர்ந்து பிடிக்கும். இதன் அருமை நமக்குத் தெரிய வேண்டும். பிரேக் பிடிக்கும்போது எடை முன் சக்கரத்துக்குப் போகிறது. பின் சக்கரம் லேசாகிறது. பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும், வண்டி நிற்காது. 'முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுந்துவிடுவாய்' என்று நம் ஊரில் சொல்லிச் சொல்லியே பாதிப் பேர் அதைத் தொடுவதில்லை. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். வண்டி நேராக இருக்கும்போது, இழுத்துப் பிடிக்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரே போர், மூன்று எஞ்சின்

வகுப்பில் நான் வண்டி வாங்கப் போகிறேன் என்று தெரிந்ததும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒரு தம்பி, "ஆர்.எக்ஸ். ஹண்ட்ரட் ஒண்ணு இருக்குதுங்ணா, ரெடி பண்ணி ஓட்டலாம்" என்றான். இன்னொருவன் ஸ்ப்ளெண்டர்தான் என்றான். மூன்றாமவன் 125 என்றான். டிசைன் டேட்டா புத்தகத்தைப் பார்க்கிற கண்ணோடு மூன்றையும் பார்த்தேன். ஓர் ஆச்சரியம் தெரிந்தது. மூன்றிலும் சிலிண்டர் போர் 50 மில்லிமீட்டர்தான்!

யமஹா ஆர்.எக்ஸ். 100-ல் ஸ்ட்ரோக்கும் 50. போட்டுப் பாருங்கள், 98 சி.சி. வரும். ஹீரோ ஸ்ப்ளெண்டரில் ஸ்ட்ரோக் 49.5, 97 சி.சி. ஹோண்டா ஷைன் 125-ல் ஸ்ட்ரோக் 63.1, 124 சி.சி.

ஆர்.எக்ஸ்.-க்கும் ஸ்ப்ளெண்டருக்கும் கொள்ளளவு கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் முன்னதில் 11 குதிரைத்திறன், பின்னதில் 8. காரணம் நமக்குத் தெரியும். டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பவர் ஸ்ட்ரோக். ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒன்று. அந்த இழுவைக்கு ஆர்.எக்ஸ். கொடுத்த விலை, எரியாத பெட்ரோலில் ஒரு பங்கு புகையோடு வெளியே போனது. அதனால்தான் மாசு விதிகள் இறுக இறுக டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றன. 1985-ல் வந்த ஆர்.எக்ஸ். 100-ன் உற்பத்தி 1996-ல் நின்றது. ஞாயிற்றுக்கிழமை ஆசைக்கு அது ராஜா வண்டி. தினம் 44 கிலோமீட்டர் வேலைக்குப் போக, முப்பது வருஷப் பழைய டிரம் பிரேக்கை நம்பி மாமாவுக்கு நான் பதில் சொல்ல முடியாது.

ஸ்ப்ளெண்டர் குணமான வண்டி. 112 கிலோ எடை, எந்த ஊரிலும் பார்ட்ஸ், மரத்தடி மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். டவுனுக்குள் மட்டும் ஓட்டுவதாக இருந்தால் வேறு யோசனையே வேண்டாம். என் பாதை நெடுஞ்சாலை. பின்னால் பஸ்ஸும் டிப்பரும் ஹார்ன் அடித்துக்கொண்டு வரும்போது, 8 குதிரையில் 60-க்கு மேல் மெதுவாகத்தான் ஏறும். 125-ல் ஸ்ட்ரோக் நீளம் கூடியதால் முறுக்குவிசை 8-லிருந்து 11 நியூட்டன் மீட்டர் ஆகிறது. கியர் நான்குக்குப் பதில் ஐந்து. அதே வேகத்தில் எஞ்சின் அவ்வளவு கஷ்டப்படுவதில்லை. எடையோ ஸ்ப்ளெண்டரை ஒட்டித்தான். 160 சி.சி. வண்டிகளுக்குப் போனால் எடை ஏறக்குறைய 140 கிலோ ஆகிவிடுகிறது. பன்னிரண்டு வருஷம் கழித்து ஏறுகிறவனுக்குப் பார்க்கிங்கில் திருப்பவே மூச்சு வாங்கும்.

ஸ்கூட்டரையும் விட்டுவிடவில்லை. கியர் தொல்லை இல்லை, டிபன் பாக்ஸ் வைக்க இடம் உண்டு. ஆனால் அதன் சின்னச் சக்கரம் குழியில் இறங்குகிறது. 18 அங்குலச் சக்கரம் அதே குழியைக் கடந்துவிடுகிறது. மின்சார வண்டியும் பார்த்தேன். 44 கிலோமீட்டர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை, செலவும் குறைவு. நாங்கள் குடியிருப்பது மாடி வீடு. கீழே ப்ளக் பாயிண்ட் கிடையாது. வீட்டுக்காரர் போட விடமாட்டார். சொந்த வீடு உள்ள தோழர்கள் அதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கன்சல்டிங்கில் கண்டது

பழைய வண்டி வாங்கினால் மிச்சமாகுமே என்று இரண்டு ஞாயிறு ஆட்டோ கன்சல்டிங் கடைகளில் ஏறி இறங்கினேன். ஒரு கடையில் பளபளவென்று ஒரு 125 நின்றது. மீட்டரில் 18,000 கிலோமீட்டர். ஆனால் கால் வைக்கிற ஃபுட்ரெஸ்ட் ரப்பர் மழுங்கி, பிரேக் பெடல் தேய்ந்து வெள்ளையாகியிருந்தது. டயர் இரண்டும் புதிது. பதினெட்டாயிரத்தில் டயர் மாற்றுவானேன்? நான் எதுவும் பேசாமல் ஸ்ப்ராக்கெட் பல்லைப் பார்த்தேன். சுறாமீன் பல் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. "டீ சாப்பிட்டுட்டு வர்றேனுங்க" என்று கிளம்பிவிட்டேன்.

பழைய வண்டிதான் முடியும் என்கிற தோழர்களுக்கு நான் எழுதி வைத்த பட்டியல் இதோ. எஞ்சின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். சூடாக வைத்திருந்தால் ஸ்டார்டிங் கோளாறு மறைந்துவிடும். முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை இருபுறமும் மெல்லத் திருப்புங்கள். நடுவில் சிக்கினால் கோன் செட் போயிருக்கிறது. ஃபோர்க்கை அழுத்தி விடுங்கள். ராடில் எண்ணெய் படிந்தால் ஆயில் சீல் போயிருக்கிறது. சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3421 என்றால் 2021-ஆம் வருஷம் 34-ஆவது வாரம் செய்தது. ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் வண்டியில் உள்ளதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள். கடன் பாக்கி உள்ள வண்டி என்றால் ஆர்.சி.யில் ஹைப்போதிகேஷன் இருக்கும், பைனான்ஸ்காரரின் என்.ஓ.சி. கைக்கு வராமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் வேண்டாம்.

வட்டிக் கணக்கு

நான் புது வண்டி என்று முடிவு செய்தேன். நல்ல நேரமாக, 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான மோட்டார் சைக்கிள்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரிக்கு முந்தைய விலை 70,000 என்றால் 7,000 ரூபாய் மிச்சம். இன்சூரன்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன் எல்லாம் சேர்த்து லட்சத்துக்கு முன்னே பின்னே வந்தது. கையில் 28,000 இருந்தது. அம்மா பால் பணத்தில் சேர்த்த 12,000-ஐ முந்தானையில் முடிந்து கொண்டுவந்து கொடுத்தார்கள். வேண்டாம் என்றுகூட அப்போது வாய் வரவில்லை. மீதி 60,000 கடன்.

இந்த இடத்தில் தோழர்கள் கொஞ்சம் கவனியுங்கள். கடையிலேயே மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர், "பத்து பர்சென்ட்தானுங்க, மாசம் மூவாயிரம், ரெண்டே வருஷம்" என்றார். எங்கள் கம்பெனிச் சொசைட்டியில் 12 சதவீதம். பத்துதானே குறைவு? இல்லை! அவர் சொன்னது ஃப்ளாட் வட்டி. அசல் குறையக் குறைய வட்டி குறையாது. கடைசி மாதம் வரை முழு 60,000-க்கும் வட்டி. 12,000 வட்டி சேர்த்து 72,000. குறைந்துவரும் அசலில் கணக்கிட்டால் அது ஏறக்குறைய 18 சதவீதத்துக்குச் சமம். சொசைட்டியின் 12 சதவீதம் குறையும் அசலில். மாதம் 2,824 ரூபாய். மொத்தத்தில் 4,200 ரூபாய்க்கு மேல் மிச்சம். ஒரு நல்ல ஹெல்மெட்டும் மழைக்கோட்டும் அதில் வந்துவிடும்.

'வண்டி வாங்கினால் பஸ் காசு மிச்சம்' என்று சொல்வதும் சரியில்லை. மாதம் 26 நாளுக்கு 1,144 கிலோமீட்டர். லிட்டருக்கு 55 கொடுத்து, பெட்ரோல் நூறு ரூபாய் என்றால் 2,080. சர்வீஸ், டயர் வகைக்கு 400 ஒதுக்க வேண்டும். தவணையோடு சேர்த்து 5,300 ரூபாய். எனக்குப் பஸ்ஸுக்கு ஆனது 1,560-தான். ஆக மாதம் 3,740 ரூபாய் கூடுதல் செலவு. அதற்கு எனக்குக் கிடைப்பது, காலை, மாலை, இரவு எல்லாம் சேர்த்து நாளைக்கு இரண்டு மணி நேரம். மாதத்துக்கு 52 மணி நேரம். வகுத்துப் பார்த்தேன். ஒரு மணிக்கு 72 ரூபாய். என் மகள் விழித்திருக்கும்போது வீட்டில் இருப்பதற்கு அந்த விலை அதிகமில்லை என்று நானும் மனைவியும் ஒத்துக்கொண்டோம். ஷைன் 125, டிஸ்க் பிரேக், கறுப்புக் கலர். கலரை மட்டும் மனைவி முடிவு செய்தாள்.

மீண்டும் எல்.கே.ஜி.

வண்டி வந்த அன்றே நான் ரோட்டுக்கு எடுத்துப் போகவில்லை. ஊருக்கு வெளியே சைட் போட்டு விட்டிருக்கும் காலி இடத்தில், நாலு ஞாயிறு விடிகாலையில் பழகினேன். செங்கல் வைத்து எட்டுப் போட்டேன். 30 கிலோமீட்டரில் வந்து, இரண்டு பிரேக்கும் பிடித்து, கோட்டருகே நிறுத்திப் பார்த்தேன். முதல் நாள் கிளட்ச் பிடித்த இடது கை மாலை வரை வலித்தது. இன்னொரு தொல்லை, யாரும் எனக்குச் சொல்லாதது. கத்தாரில் வண்டிகள் ரோட்டின் வலது பக்கம் போகும். ஒன்பது வருஷம் அதைப் பார்த்துப் பழகிய கண், கிராஸ் ரோட்டில் தானாகவே முதலில் இடது பக்கம் திரும்பியது. இங்கே முதலில் வர ஆபத்து வலது பக்கமிருந்து. அதனால் ஒவ்வொரு திருப்பத்திலும் "வலது, இடது, வலது" என்று ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு ஓட்டினேன். ஒரு மாதத்தில் கண் வழிக்கு வந்தது. வெளிநாட்டிலிருந்து திரும்பும் நண்பர்கள் இதை மனதில் வையுங்கள்.

ஹெல்மெட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் இருக்க வேண்டும். 2021 ஜூன் முதல் முத்திரை இல்லாததை விற்பதே சட்டவிரோதம். கறுப்புக் கண்ணாடி பகலுக்கு அழகு, இரவுக்கு எமன். நமக்கு இரவு வகுப்பு. வெள்ளைக் கண்ணாடிதான். பட்டையைப் பூட்டாத ஹெல்மெட், டேங்க் மேல் வைத்த ஹெல்மெட்டுக்குச் சமம்.

இன்சூரன்ஸிலும் ஒன்று உண்டு. 2018 செப்டம்பர் முதல் புது டூ வீலருக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து வருஷத்துக்குச் சேர்த்தே போட வேண்டும். அதனால் ஐந்து வருஷம் எல்லாமே இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். நம் வண்டிக்கான சேதக் காப்பீடு பெரும்பாலும் ஒரு வருஷம்தான் போட்டிருக்கும். ஓட்டும் உரிமையாளருக்கு 15 லட்சத்துக்கான விபத்துக் காப்பீடும் அதில் இருக்கிறதா, எத்தனை வருஷத்துக்கு என்று பாலிசியைப் பிரித்துப் பாருங்கள். மாமா வீட்டில் அந்த வருஷங்களில் அடுப்பு எப்படி எரிந்தது என்று எனக்குத் தெரியும்.

நாம் தினமும் கடக்கிற ஹோப் காலேஜ் ஸ்டாப்புக்கு அந்தப் பெயர் வந்தது, 1945-ல் ஜி.டி. நாயுடு முன்னின்று தொடங்கிய ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கால். அந்த மேதையின் தொழில் வாழ்க்கையே ஒரு மோட்டார் சைக்கிளில்தான் தொடங்கியது. ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் வண்டியைப் பார்த்து ஆசைப்பட்டு, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து வாங்கி, ஓட்டியதோடு நிற்காமல் கழற்றி மாட்டிக் கற்றுக்கொண்டார். 2025 அக்டோபரில் திறந்த அவினாசி ரோடு மேம்பாலத்துக்கும் அவர் பெயர்தான். அந்தப் பெயரின் கீழே தினம் போய்வரும் பாலிடெக்னிக்காரர்கள், வாங்குகிற வண்டியைக் கொஞ்சம் கழற்றிப் பார்க்கும் கண்ணோடு பார்ப்பது நமக்கு அழகு.

இப்போது இரவு பத்து மணிக்கு முன்பே வீட்டில் இருக்கிறேன். மகளுக்குத் தூக்கம் பிடிக்கும் முன் ஒரு கதை சொல்ல நேரம் கிடைக்கிறது. அம்மா மட்டும் இன்னும் ஒன்பதரைக்கே வாசலில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். லைட் வெளிச்சம் சந்து முனையில் திரும்பியதும் எழுந்து உள்ளே போய்விடுகிறார்கள், ஒன்றும் கேட்பதில்லை.

தோழர்களே, உங்களில் பலர் அடுத்த வருஷம் வேலைக்குப் போவீர்கள். முதல் சம்பளத்தில் வண்டி என்ற கனவு இருக்கும். இருக்கட்டும், நல்ல கனவுதான். ஷோரூம் படி ஏறுமுன் நாலு கணக்கு மட்டும் போட்டுவிடுங்கள்: தினம் எத்தனை கிலோமீட்டர், இருட்டில் எத்தனை மீட்டரில் நிற்கும், குறையும் அசலில் வட்டி எவ்வளவு, வாசலில் யார் காத்திருக்கிறார்கள். நாலுக்கும் விடை எழுதிய பிறகு கலரைப் பற்றிச் சண்டை போடலாம்.

எல்லோரும் நல்லபடியாக ஓட்டி, நல்லபடியாக வீடு சேர வாழ்த்துகள்.